கொடியில் காயும் சட்டை

தலைகீழாகத் தொங்குகிறது சாம்பல் நிறச் சட்டை, அடி ஓரத்தில் இரண்டு கிளிப், கையிரண்டும் கீழே நீண்டு தரையைத் தொடப் பார்க்கின்றன, கைமடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மொட்டை மாடித் தரையில் விழுந்து, விழுந்த வேகத்தில் காய்கிறது, என் சேலை ஒன்றுக்கும் நைட்டி ஒன்றுக்கும் நடுவில் அதைப் போட்டிருக்கிறேன், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும், துளசிக்குத் தண்ணீர் ஊற்ற மேலே வருகிற வீட்டுச் சொந்தக்காரம்மாவுக்கும் தெரியும், நன்றாகத் தெரியட்டும் என்றுதான் போட்டிருக்கிறேன், காற்றில் பறந்து பக்கத்து மாடியில் விழுந்தால் யார் சட்டை என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், பத்து மாதமாகச் சொன்ன பதில்களையே என்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாகக் கிளிப். சட்டைக்குள் இருந்த ஆள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. என் கணவன், வைரவன், மனதுக்குள் இப்போது அவன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், வாயைத் திறந்தால் மட்டும் அவரு, வந்தாரு, போனாரு, பதினோரு வருடம் பழகிய நாக்கு, ஆள் போன விஷயத்தை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு அவன் வருகிறான், விட்டுப்போன சாமான்களை எடுத்துப்போக, வியாழக்கிழமையே போன் செய்து சொல்லிவிட்டான், அது தெரிந்திருந்தும் காலையில் எழுந்து சட்டையை வாளியில் நனைத்தேன், சோப்புப் போட்டேன், பிழிந்தேன், மாடிக்கு வந்து உதறிக் காயப்போட்டேன், இரண்டாவது கிளிப்பைக் குத்திய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் அது, வெளியே ஐப்பசி மழை, நான் இட்லித் தட்டில் துணியை நனைத்து விரித்து மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன், அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான், தோளில் டூர் பை, மருந்துக் கம்பெனி ரெப் என்பதால் அந்தப் பை எங்கள் வீட்டில் எப்போதும் நாலு சட்டையோடு தயாராக இருக்கும், தேனியா கம்பமா என்று கேட்டேன், திருச்சி என்றான், திருச்சி உங்க ஏரியா இல்லையே என்றேன், கேட்டு மாத்தி வாங்கிட்டேன் என்றான், எத்தன நாளைக்கு, மூடியைத் தூக்கித் தட்டை உள்ளே வைத்துவிட்டு மறுபடி கேட்கிறேன், எத்தன நாளைக்குன்னு கேட்டேன், அவன் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொல்கிறான், இனிமே அங்கதான், நீ வர வேணாம். என் வாயில் வந்த முதல் கேள்வி எல்லாப் பெண்களுக்கும் வருகிற கேள்விதான், யாராச்சும் இருக்காங்களா. இல்ல, யாரும் இல்ல, அதான் கஷ்டம், யாராச்சும் இருந்தா உனக்குச் சொல்றதுக்கு ஒரு காரணமாவது இருக்கும் என்றான். அப்புறம் என்ன, எனக்குத் தெரியல, வீட்டுக்குள்ள வந்தாலே வாய் அடைச்சுப்போகுது, உனக்கும் அப்படித்தான், உனக்குத் தெரியாமயா இருக்கும். தெரியாமல் என்ன, ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களை நானும்தான் எண்ணினேன், ஆனால் அதற்காக வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அழுதிருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும், இட்லி வெந்துருச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க என்றேன். நாலு இட்லி சாப்பிட்டான், தட்டை எடுத்துப்போய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான், பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடச் செய்யாத காரியம், ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி, அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பைக்கில் ஏறிப் போய்விட்டான். விட்டுப்போனவை ஏழு சட்டை, ஒரு கறுப்பு ஷூ, பழைய ஹெல்மெட், சர்டிபிகேட் ஃபைல், ஷேவிங் பிரஷ், உடைந்த கொக்கியோடு ஒரு மூக்குக்கண்ணாடி, கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது, கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள் நான், நாள் முழுக்க என் வேலை, இதுல தெரியுதா, இப்ப இதுல தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான், அவன் கண்ணுக்கு எது தெரியும், எது மங்கும், எத்தனை அடி தூரத்தில் மங்கும் என்று எழுதி வைத்திருக்கிறவள், என்ன பிரயோஜனம். ஏழு சட்டையில் ஒன்று தீபாவளிக்கு எடுத்தது, இளநீலம், புதுத்துணியை உடுத்துமுன் கழுத்துப்பட்டியின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தேன், எங்கள் வீட்டு வழக்கம் அது, ஒருநாள் உடுத்தினான், கழற்றிப் போட்டான், மஞ்சள் அப்படியே இருந்தது. அந்த ஏழையும் பீரோவில் அவன் தட்டிலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன், திறந்தேன், சாத்தினேன், கட்டிக்கொண்டு அழுவது, முகத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது, அதெல்லாம் நான் செய்யவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, செய்தேன், மூன்று நாள் செய்தேன், நாலாம் நாள் கடைக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், துளசித் தொட்டியருகே சொம்போடு சௌந்தரம்மா, வீட்டுக்குச் சொந்தக்காரர், புருஷன் இறந்து வெகுகாலம் ஆயிற்று, மாடியில் தனியாக இருக்கிறார், குரல் மட்டும் நாலு பேர் குடியிருக்கிற மாதிரி கேட்கும். என்னம்மா, தம்பியக் காணோம், கொடியில ஒரு சட்டையும் காணோம், டூர் போயிட்டு வந்தா வரிசையாத் தொங்குமே என்று கேட்டார். சும்மா கேட்டதுதான், இப்போது நினைத்தால் தெரிகிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை, இருக்காரும்மா, மழையா இருக்கேன்னு உள்ளயே காயப்போட்டேன் என்று என் வாய் சொல்லிவிட்டது, வாய்க்கு என்ன வேகம். ஏன் சொன்னேன் என்றால் செல்வராணி டீச்சர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது முன்பக்கப் போர்ஷனில் செல்வராணி டீச்சர் இருந்தார், பின்பக்கம் நாங்கள், வந்த அன்றே சௌந்தரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து சட்டதிட்டம் சொன்னார், குடும்பத்துக்குத்தான் வீடு, பேச்சிலருக்குத் தர்றதில்ல, தனியா இருக்கற பொம்பளைக்கும் தர்றதில்ல, நாளைப் பின்ன ஒண்ணுன்னா நான்ல போய் நிக்கணும். இரண்டாம் வருடம் டீச்சருடைய வீட்டுக்காரர் எங்கோ போய்விட்டார், மூன்று மாதம் டீச்சர் சமாளித்தார், தெரிந்துபோயிற்று, ஆடி முடியட்டும், ஆடியில வீடு மாத்த வேணாம், ஆவணி பொறந்ததும் காலி பண்ணிக்கம்மா என்று சௌந்தரம்மா சாந்தமாகத்தான் சொன்னார், ஒரு கெட்ட வார்த்தை இல்லை, டீச்சர் குட்டியானை வண்டியில் கட்டிலை ஏற்றும்போது நான் கூடமாட ஒரு கை பிடித்தேன், பாவம் என்றேன், அடுத்த வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சி நாங்கள் முன்போர்ஷனுக்கு மாறினோம், சமையலறை பெரிது என்று. அந்தச் சமையலறையில்தான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வேறு வீடு பார்க்காமல் இல்லை. கடை லீவு நாளில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போனேன், வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு என்றார்கள், நான் மட்டும்தான் என்றதும் அந்தம்மா என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று, இருந்தது, அதனால் இன்னும் குழம்பிப்போய், அவருகிட்ட கேட்டுச் சொல்றேன் என்று உள்ளே போனவர் வரவே இல்லை, அடுத்த வீட்டில் எலுமிச்சை ஜூஸெல்லாம் கொடுத்து உபசரித்து, கூட அம்மாவையாவது கூட்டிட்டு வந்து வச்சுக்கங்க என்றார்கள், செத்துப்போன அம்மாவை எங்கேயிருந்து கூட்டிவருவது. திண்டுக்கல்லில் அண்ணன் இருக்கிறான், வந்துரு தாயி, நான் இருக்கேன்ல என்றான், உண்மையாகத்தான் சொன்னான், அங்கே போனால் எனக்கு ஒரு பாய் இருக்கும், ஒரு தலையணை இருக்கும், நான் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்காது, கடை வேலையும் போய்விடும், அண்ணன் பிள்ளைகளுக்குத் தலைசீவி விட்டுக்கொண்டு அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலம், அதை நினைத்தால் அவன் போனதைவிட அதிகமாக அழுகை வருகிறது. எனக்கு இந்தக் கதவு வேண்டும், உள்ளே போய்த் தாழ் போட்டால் யாரும் ஏன் என்று கேட்காத இந்தக் கதவு, அவ்வளவுதான், அதற்காகத்தான் சௌந்தரம்மா கேட்டதற்கு மறுநாள் பீரோவைத் திறந்து, அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சாம்பல் நிறச் சட்டையை எடுத்தேன், அதில்தான் அவன் வாசனை மிச்சம் இருந்தது, சோப்புத் தண்ணீரில் அது அமுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வீடா வாசனையா என்று கேட்டால் வீடு என்று கை முடிவு செய்துவிட்டது.

அப்படி ஆரம்பித்தது. திங்கள் சாம்பல், புதன் வெள்ளைக் கோடு போட்டது, வெள்ளி இளநீலம், வாசலில் ஷூ, நாலு நாளைக்கொரு தரம் ஷூவை இடம் மாற்றி வைப்பேன், பைக்கைக் காணோமே என்றால் கம்பெனியிலயே விட்டுட்டு பஸ்ல வர்றாரும்மா, ஆளையே பார்க்க முடியலையே என்றால் முதல் பஸ்ஸுக்குப் போயிர்றாரும்மா, இல்லாத புருஷனுக்கு என்ன உழைப்பு, இருந்தபோது அவன் சட்டையை இத்தனை சிரத்தையாக நான் துவைத்ததே இல்லை, மெஷினில் போட்டுத் திருகிவிடுவேன். துவைத்தால் போதுமா, ரெப் என்றால் சட்டை விறைப்பாக இருக்க வேண்டும், தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிற பஞ்சவர்ணத்திடம் எப்போதும் போல மூட்டையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன், என் வயதுதான் அவளுக்கும், கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் மட்டும் ஏறியிருக்கும், என்னைக் கண்ணாடிக்கடக்கா என்பாள், தெருவில் எந்த வீட்டில் யார் மெலிந்தார்கள், யார் குடிக்கிறார்கள், எந்தப் பிள்ளை வயதுக்கு வந்தது எல்லாம் அவளுக்குத் துணியிலேயே தெரிந்துவிடும், அந்த யோசனை எனக்கு இல்லாமல் போனதுதான் நான் செய்த தப்பு. தை மாதம் ஒருநாள், வண்டியருகே யாரும் இல்லை, இளநீலச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தவள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கழுத்துப்பட்டியின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்காட்டுகிறாள், யக்கா, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்காதீங்க, மூணு மாசமா உங்க வீட்டுச் சட்டையில கழுத்து கறுக்கல, முழங்கையில மடிப்பு விழல, நான் போன வாரம் தேச்ச தேப்பு அப்படியே இருக்கு, தண்ணியில மட்டும் நனைஞ்சு வருது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணன் எங்கக்கா என்று கேட்கவில்லை அவள், அதற்காக அவளைக் காலத்துக்கும் மறக்கமாட்டேன், மாடிக்காரம்மா துணியும் எங்கிட்டதான் வருது, அவுங்க வந்தா இங்கன நின்னு ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாப்பாங்க, யாரு வீட்டுது யாரு வீட்டுதுன்னு, அதுக்காகச் சொல்றேன் என்று பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்ததும் சேலையை அவிழ்த்துவிட்டு வெள்ளைக் கோடு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், கீழே பாவாடை, மேலே முழுக்கைச் சட்டை, கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பு வந்தது, கையை முழங்கை வரை மடித்து அடுப்படியில் நின்றேன், புளிக்குழம்பு கொதிக்க வியர்வை கழுத்தில் இறங்கியது, இறங்கட்டும், நன்றாகக் கறுக்கட்டும், வியர்க்க வியர்க்கப் பாத்திரம் தேய்த்தேன், ஒட்டடை அடித்தேன், முழங்கையில் மடிப்பு விழட்டும் என்று மேஜையில் கையூன்றி உட்கார்ந்து பேப்பர் படித்தேன், அவன் அப்படித்தான் உட்காருவான். இரண்டு நாள் உடுத்தி மூன்றாம் நாள் துவைப்பது என்று ஆயிற்று. முதலில் வீட்டுக்காகத்தான், பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை, கடையிலிருந்து நடந்து வரும்போதே இன்று எந்தச் சட்டை என்று மனம் தேடும், இவ்வளவு காலம் உள்ளே எத்தனை காற்று வைத்துக்கொண்டு இந்த ஆண்கள் நடமாடியிருக்கிறார்கள், பை வேறு இருக்கிறது, பையில் போனைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறேன். மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு அடிக்கடி வருகிறது, வாசலில் மணி அடிக்கிறது, போய்த் திறக்கிறேன், சாம்பல் சட்டை நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை, அதற்காக எனக்குப் பயமும் இல்லை, வாங்க என்கிறேன், சட்டை உள்ளே வந்து சோபாவில் உட்காருகிறது, நான் பவர் பார்க்கிற பலகையைச் சுவரில் மாட்டி, இதுல தெரியுதா என்கிறேன், எதில் பார்க்கும் அது, இருந்தாலும் கேட்கிறேன், இப்பத் தெரியுதா, நான் தெரியுறேனா, சட்டை கையைத் தூக்கி எதையோ சுட்டுகிறது, திரும்பிப் பார்த்தால் சோபாவின் மறுமுனையில் நானே உட்கார்ந்திருக்கிறேன், போனைப் பார்த்தபடி, தலையைத் தூக்காமல். விழித்தால் மின்விசிறி, சாயங்கால வெயில், உடம்பில் அவன் சட்டை, அதில் என் வாசனை.

வந்துவிட்டான். பதினோரு மணி என்றால் பதினோரு மணி, டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், தெருவில் நின்று ஒரு நிமிடம் மாடியைப் பார்த்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன், மெலிந்திருக்கிறான், கன்னத்தில் நரை, செருப்பை வெளியே விட்டுவிட்டு யாரோ வீட்டுக்கு வந்தவன் போல வாசலில் தயங்கினான், உள்ள வாங்க என்றேன், கனவிலும் அதே வார்த்தைதான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான், டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தான். ஃபைலை எடுத்துக்கொண்டான், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான், ஷேவிங் பிரஷ் வேண்டாம் என்றான், கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பவர் மாறிருச்சு என்று கழற்றினான், கடைக்கு வாங்க, பாத்து வேற போட்டுத் தர்றேன் என்றேன், இரண்டு பேரும் வருத்தத்தோடு கொஞ்சம் சிரித்தோம். பிறகு கேட்டான், மேல என் சட்ட காயுதே. நேத்து மழ பெஞ்சிருக்கு, துணி ஈரமா இருக்கு, இன்னைக்குத் துவைச்சதுதான் அது, எதுக்கு என்றான். அந்த எதுக்குவில் ஒரு இளக்கம் இருந்தது, அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் தோன்றியது, ஒரே ஒரு கணம். நீங்க போனது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது என்றேன். ஓ என்றான். செல்வராணி டீச்சர் என்றான் அவனாகவே, ஆமா என்றேன். அப்ப எனக்காக இல்ல என்றான். இல்ல. இல்ல என்று சொன்னேன், எனக்கே சரியாகத் தெரியாத ஒன்றை இத்தனை உறுதியாகச் சொன்னேன்.

பீரோவைத் திறந்தான், ஆறு சட்டை அடுக்கியிருந்தது, இளநீலத்தை உருவி எடுத்தான், பிரித்தான், மஞ்சள் இருந்த மூலையை விரலால் தொட்டான், தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான், பிறகு மெதுவாக முகத்தருகே கொண்டுபோனான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் கழுத்து வியர்வை, என் தேங்காயெண்ணெய், என் புளிக்குழம்பு, பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு அது யார் என்று தெரியாமல் இருக்குமா, தெரிந்தது, முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. ஒன்றும் கேட்காமல் சட்டையை மடித்தான், கை மடிப்பைச் சரிசெய்து, கழுத்துப்பட்டியை நீவி, பஞ்சவர்ணம் மடிப்பதைவிட நன்றாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தான், இதெல்லாம் இருக்கட்டும் என்றான். பையின் ஜிப்பை இழுத்தான். ஐப்பசியில ஒரு வருஷம் முடியுது, அப்புறம் மனுப் போடலாம்னு வக்கீலு சொன்னாரு, போன் பண்றேன் என்றான், சரி என்றேன். இதைப் போல மரியாதையாக இரண்டு பேர் பேசிக்கொண்டால் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்பவர்கள் கேட்பார்கள், நாங்கள் மரியாதையாக மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம், ரொம்ப நாளாக.

மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது மோட்டார் சுவிட்ச், எங்கள் வாசலை ஒட்டி, அவன் வெளியே கால் வைக்கவும் சௌந்தரம்மா மோட்டார் போட இறங்கி வரவும் சரியாக இருந்தது. கதவுக்கு உள்பக்கம் நான், நிலையைப் பிடித்துக்கொண்டு. அடடே, தம்பியா, எம்புட்டு நாளாச்சு கண்ணுல பாத்து, பையத் தூக்கிட்டு எங்க கெளம்பியாச்சு, ஞாயித்துக்கிழமகூட விடமாட்டாங்களா என்கிறார். அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது இரண்டு மூச்சு நேரம் இருக்கும், நான் அதற்குள் சாமான் கட்டிவிட்டேன், குட்டியானை வந்துவிட்டது, கட்டிலை ஏற்றிவிட்டேன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன், அண்ணி கதவைத் திறக்கிறாள். திருச்சிக்கும்மா, வேல விஷயமா, வந்துருவேன் என்றான். வந்துருவேன். பதினோரு வருடம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு, அதே அக்கறையின்மை, எனக்காகத்தான் சொன்னான், வீடு எனக்கு இருக்கட்டும் என்று சொன்னான், அவன் எனக்குச் செய்த கடைசி நல்ல காரியம், நான் நன்றி சொல்ல வேண்டிய இடம், ஆனால் பத்து மாதமாக நான் கேட்க ஏங்கியது அந்த ஒரு வார்த்தை என்று அது காதில் விழுந்த பிறகுதான் தெரிகிறது. கேட் சத்தம் கேட்டது. பைக் சத்தம் கேட்டது. நல்லது, பாத்துப் போங்க தம்பி என்று சௌந்தரம்மா சொல்வது கேட்டது, மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் கதவருகே அப்படியே நின்றேன். எப்பம்மா வருவாரு என்றார். ஒன்றுமில்லாத கேள்வி, பத்து மாதமாக இதைவிடக் கஷ்டமான கேள்விகளுக்கெல்லாம் வாய் தானாகப் பதில் சொல்லியிருக்கிறது, புதன்கிழமை என்றால் போதும், புதன்கிழமை வெள்ளைக் கோடு சட்டை, எல்லாம் தயாராக இருக்கிறது. அவனே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், இனிமேல் யார் என்ன கேட்க முடியும். அந்த வந்துருவேனை நான் வாங்கி வைத்துக்கொண்டால் அதையும் வாரத்துக்கு மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருப்பேன், அதற்காகக் காத்திருப்பேன், வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன், என்னை எனக்குத் தெரியும். வரமாட்டாரும்மா என்றேன். என்ன என்றார், மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை போல. அவரு வரமாட்டாரும்மா, போயிட்டாரு, போன தீபாவளிக்கே போயிட்டாரு, இன்னைக்குச் சாமான் எடுக்க வந்தாரு. சொல்லி முடித்தபோதுதான் அது எனக்கும் கேட்டது, வரமாட்டார், என் வாயாலேயே, உட்கார்ந்துவிட்டேன், வாசற்படியில், தீபாவளியிலிருந்து வராத அழுகை வந்தது, மூன்று நாள் சட்டையில் முகம் புதைத்து அழுதது வேறு, இது வேறு, சத்தம் போட்டு அழுதேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, திறக்கட்டும்.

சௌந்தரம்மா சுவிட்சை அணைத்தார். பக்கத்தில் வந்து நின்றார், தொடவில்லை, நான் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைக்கிற வரை நின்றார். அப்ப இத்தன நாளா எங்கிட்டப் பொய்யா சொன்ன, நான் கொடியில சட்டையப் பாத்துத்தானம்மா நம்பிக்கிட்டிருந்தேன் என்றார், கோபம் இருந்தது குரலில், நியாயமான கோபம். உண்மையச் சொல்லியிருந்தா வீட்டக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்கல்ல என்றேன். அவர் உடனே இல்லை என்று சொல்லிவிடலாம், சொன்னால் நல்லவராகிவிடலாம், ஆனால் சௌந்தரம்மா அப்படிப்பட்ட ஆள் இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். ஆமா, சொல்லியிருப்பேன் என்றார். இப்பவும் சொல்றதுன்னா சொல்லிருங்கம்மா, நான் தேடிக்கிடுறேன் என்றேன். பிறகு, அந்தச் சட்டையெல்லாம் என்னமோ உடுத்துன சட்ட மாதிரித்தான இருந்துச்சு, பஞ்சவர்ணம் வண்டியில நானே தூக்கிப் பாத்தேன், கழுத்தெல்லாம் கறுத்து இருந்துச்சே என்றார், அதுதான் அவருக்குப் புரியவில்லை. நான்தாம்மா போட்டுக்கிறேன் என்றேன். தலையிலிருந்து கால் வரை என்னை ஒருமுறை பார்த்தார், அந்தச் சட்டையில் என்னை நினைத்துப் பார்த்திருப்பார், அவர் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்து போயிற்று. வானம் அதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, ஆவணி மழைக்கு நேரம் காலம் கிடையாது, பெரிய பெரிய சொட்டாக இரண்டு மூன்று படியில் விழுந்தன, சௌந்தரம்மா கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்துப் பார்த்தார். வாடக அக்ரிமெண்ட்டு தம்பி பேர்ல இருக்கு, அத மாத்தி எழுதணும், வர்ற வாரம் பாப்போம் என்றார், யாரிடமோ சொல்வது போல. மோட்டார் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பி, இன்னும் ஏம்மா உக்காந்திருக்க, மழ வந்துருச்சு, மேல உன் சட்ட காயுதுல்ல, போய் எடு என்றார்.